ஆராய்ச்சியாளருக்கு ஆட்களோடு வேலை செய்யக் கற்றுக்கொடுப்பது யார்?

ஏரிக்கரை | பிப்ரவரி 12, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்டத்துக்கு மூன்றாம் வருடம் படிக்கிறேன். டெல்டா பக்கம் 31 ஏரி, குளங்களில் நீர்ப்பறவைகள் வருடா வருடம் எப்படி மாறுகின்றன என்பதுதான் என் ஆய்வு. ஒற்றை ஆளாக 31 இடத்துக்கும் போக முடியாது என்பதால் ஆரம்பத்திலேயே தன்னார்வலர்களைச் சேர்த்தேன். பள்ளி ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஒரு தபால்காரர், சில விவசாயிகள் என்று மொத்தம் 92 பேர். எல்லோரும் ஒரே வாட்ஸ்ஆப் குழுவில். முதல் வருடம் மாதத்துக்கு 100 பறவைப் பட்டியலுக்குக் குறையாமல் வந்தது. போன மாதம் வந்தது 14.

எங்கே கெட்டது என்று தேதியோடு எனக்குத் தெரியும். போன ஆகஸ்டில் ஒரு தமிழாசிரியர் வயல் வரப்பில் நின்ற பறவையைப் படம் எடுத்து, "குருட்டுக்கொக்கு, 6" என்று குழுவில் போட்டார். 58 வயது. அவர் ஊர் ஏரியை ஒரு வாரம்கூட விடாமல் பார்த்துக் கொடுத்தவர். நான் அன்றைக்கு ஏதோ கட்டுரைத் திருத்தத்தில் இருந்தேன். "சரியான பெயர் குளத்துக் கொக்கு. இனிமேல் எல்லோரும் சரியான பெயரில் மட்டும் பதியவும்" என்று 92 பேர் முன்னால் எழுதிவிட்டேன். "சரிங்க சார்" என்று ஒரு வரி போட்டார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு பட்டியலும் வரவில்லை. அவர் கூட்டிவந்த ஒன்பது மாணவர்களும் ஒவ்வொருவராகக் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்கள்.

மாதிரி எடுப்பது, புள்ளியியல், கட்டுரை எழுதுவது எல்லாவற்றுக்கும் எனக்கு வகுப்பு இருந்தது. 92 பேரை எப்படி வைத்துக்கொள்வது என்று யாருமே சொல்லித்தரவில்லை. என் கைடிடம் கேட்டால், "அது சுபாவம்பா, சிலருக்கு வரும், சிலருக்கு வராது" என்கிறார். உண்மையிலேயே இது சுபாவம்தானா? சொல்லிக்கொடுத்தால் வருகிற விஷயம் என்றால், எங்கே போய்க் கற்பது?

---

மதகு | பிப்ரவரி 12, இரவு 10:25

தம்பி, முதலில் ஒன்று. குருட்டுக்கொக்கு தப்பான பெயரே இல்லை. மடையான், குருட்டுக்கொக்கு, குளத்துக் கொக்கு எல்லாம் ஒரே பறவைதான். பக்கத்தில் போகிறவரை அசையாமல் நிற்கும், அதனால் கண் தெரியாத கொக்கு என்று ஊர் பெயர் வைத்தது. அந்த ஆசிரியருக்கு அது அப்பாவிடமிருந்து வந்த சொல்லாக இருக்கும். நீ திருத்தியது பறவையின் பெயரை என்று நினைத்தாய். அவருக்கு அப்படிப் பட்டிருக்காது.

நான் பல வருடமாக ஈபேர்டில் (பார்த்த பறவைகளை யாரும் பதியக்கூடிய இணையதளம்) பட்டியல்களைச் சரிபார்க்கும் வேலையைத் தன்னார்வமாகச் செய்கிறேன். ஒரு மாவட்டத்தில் வழக்கமில்லாத பறவையையோ, நம்பமுடியாத எண்ணிக்கையையோ யாராவது பதிந்தால் அந்த முறைமை தானாகவே அதைச் சந்தேகத்துக்குரியது என்று குறித்துக் காட்டும். நாங்கள் அவருக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் அனுப்புவோம். பொதுவில் எதுவும் சொல்ல மாட்டோம். "பதிந்ததற்கு நன்றி, எந்த இடத்தில் பார்த்தீர்கள், வாலின் நிறம் கவனித்தீர்களா, படம் இருக்கிறதா" என்று கேட்போம். பதிவை உறுதிசெய்ய முடியாவிட்டாலும் அது அவருடைய சொந்தப் பட்டியலில் அப்படியே இருக்கும், பொது வரைபடத்தில் மட்டும் வராது. ஒருவருடைய காலைப்பொழுதை நாங்கள் அழிப்பதில்லை.

இந்த மடல் எழுதும் முறை எனக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. என் முதல் இருபது மடல்களை மூத்தவர் ஒருவர் படித்துத் திருத்தினார். "நிச்சயமாக இல்லை" என்று நான் எழுதிய இடத்தில் எல்லாம் "எப்படி உறுதி செய்தீர்கள்" என்று மாற்றிக் கொடுத்தார். அப்படித்தான் படிந்தது. ஆகவே உன் கைடு சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

---

தரவுத்தோழி | பிப்ரவரி 13, காலை 7:15

மதகு அண்ணா சொன்னதோடு சேர்த்துக்கொள்ள என்னிடமும் ஒன்று இருக்கிறது. நான் கார்பென்ட்ரீஸ் அமைப்பில் பயிற்றுநர். ஆராய்ச்சியாளர்களுக்கு நிரல் எழுதவும் தரவைக் கையாளவும் சொல்லிக்கொடுக்கும் அமைப்பு அது. 1998இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் சாஃப்ட்வேர் கார்பென்ட்ரியாகத் தொடங்கியது. அப்புறம் டேட்டா கார்பென்ட்ரியோடு சேர்ந்து 2018இல் ஒரே அமைப்பானது.

பயிற்றுநர் ஆவதற்கே ஒரு பயிற்சி உண்டு. அதில் நிரலைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசுவார்கள். புதிதாக வந்தவர் எங்கே மனம் உடைவார், எதைச் சொன்னால் வாயை மூடிக்கொள்வார் என்பதுதான் பெரும்பகுதி. "இது ரொம்ப சுலபம்", "சும்மா இதைத் தட்டினால் போதும்" என்ற பேச்சையே விடச்சொன்னார்கள். சுலபம் என்று நாம் சொன்னது அவருக்கு வரவில்லை என்றால், கணினியை விட்டுவிட்டுத் தன்னையே குறை சொல்லிக்கொள்வார், அதனால்.

பயிலரங்கில் ஆளுக்கு இரண்டு நிறத்தில் ஒட்டுத்தாள் கொடுப்போம். எல்லாம் சரியாகப் போகிறது என்றால் மடிக்கணினியின் முதுகில் ஒரு நிறம், சிக்கிக்கொண்டால் இன்னொரு நிறம். கையைத் தூக்கி எல்லோர் முன்னாலும் "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லவேண்டிய அவசியமே இல்லை. நான் இதை முதலில் நடத்தியபோது ஒரு மூத்த பேராசிரியையும் மாணவியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவர் மடிக்கணினியில் சிவப்புத் தாள் மூன்று முறை ஏறி இறங்கியது. உதவியாளர் போய்ப் பக்கத்தில் குனிந்து சரிசெய்துவிட்டு வந்தார். அறையில் வேறு யாரும் கவனிக்கவில்லை.

உங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் அந்தச் சிவப்புத் தாள் எங்கே இருக்கிறது? அதை யோசியுங்கள்.

---

பழைய_துறைத்தலைவர் | பிப்ரவரி 13, காலை 11:02

மன்னிக்கவும், நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன். 34 வருடம் ஆய்வு வழிகாட்டியாக இருந்தேன். இப்போதே ஸ்காலர் பிள்ளைகள் தலையில் எத்தனை சுமை? பாடம் எடு, கட்டுரை போடு, கணக்கு எழுது, கருவி வாங்க மூன்று கொட்டேஷன் வாங்கு. இதன் மேல் "குழுவை வளர்க்கும் திறன்" என்று இன்னொரு பயிற்சியா? அதற்கென்று ஒரு ஆளை வையுங்கள். ஆராய்ச்சியாளரை ஆராய்ச்சி செய்ய விடுங்கள். நான் பார்த்தவரை மக்களோடு அன்பாகப் பழகிய பிள்ளைகள்தான் பட்டம் முடிக்க ஏழு வருடம் எடுத்தார்கள். இது வருத்தத்தோடு சொல்வது.

---

விண்பார்வை | பிப்ரவரி 13, மதியம் 1:48

ஐயா சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். தனி ஆள் வேண்டும். ஆனால் அந்த ஆளை வைத்துவிட்டு ஆராய்ச்சியாளர் ஒதுங்கிவிடலாம் என்ற இடத்தில்தான் உடன்பட முடியவில்லை. என் துறையிலிருந்தே ஒரு கதை.

2007 ஜூலையில் கேலக்ஸி ஜூ தொடங்கியது. ஸ்லோன் வான் ஆய்வு என்ற தொலைநோக்கித் திட்டம் எடுத்த சுமார் பத்து லட்சம் விண்மீன் மண்டலப் படங்கள் இருந்தன. சுருள் வடிவா, நீள்வட்டமா என்று பொதுமக்கள் பார்த்துப் பிரித்துத் தரவேண்டும். முதல் நாளே கூட்டம் தாங்காமல் சர்வர் படுத்துவிட்டது. முதல் வருடத்தில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் ஐந்து கோடிக்கு மேல் வகைப்படுத்தல்கள் செய்தார்கள். விஞ்ஞானிகளுக்குக் கேள்விமேல் கேள்வியாக மின்னஞ்சல் குவிந்தது. சமாளிக்க முடியாமல்தான் இணையத்தில் பேசுவதற்கென்று ஒரு இடம் திறந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர்களும் தன்னார்வலர்களே.

அந்த இடம் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். ஹன்னி வான் ஆர்கல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை ஒரு படத்தில் நீலமாக ஏதோ தெரிகிறதே என்று கேட்டார். "உனக்குக் கொடுத்த வேலை சுருளா நீள்வட்டமா என்று சொல்வது மட்டும்" என்று அவரை யாரும் விரட்டவில்லை. கேட்டவர்களுக்கும் தெரியவில்லை, அதனால் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். அணைந்துபோன குவாசர் (மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையம்) ஒன்றின் ஒளி பட்டு மின்னும் வாயு மேகம் என்று பிறகு தெரிந்தது. இன்றைக்கும் அதற்கு அந்த ஆசிரியையின் பெயர்தான். இன்னொரு கூட்டம், சின்னப் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தவற்றைப் பட்டாணி என்று பெயர் வைத்து விளையாட்டாகச் சேகரிக்க ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அவர்களே கறாராக வடிகட்டி, எது பட்டாணி, எது இல்லை என்று பட்டியல் போட்டுவிட்டார்கள். பட்டாணி மண்டலங்கள் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2009இல் வந்தது.

இந்த இரண்டிலும் யாரோ ஒரு ஆராய்ச்சியாளர் உள்ளே வந்து உட்கார்ந்து, "இது என்ன?" என்ற கேள்வியைத் தன் கேள்வியாக எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில் அமர்த்தப்பட்ட ஒருங்கிணைப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தொலைநோக்கியைத் திருப்பச் சொல்ல அவரால் முடியாது.

---

செங்கமலம்_டீச்சர் | பிப்ரவரி 13, இரவு 8:30

நான் ஆராய்ச்சியாளர் இல்லை. அரசு உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. உங்களைப் போன்றவர்கள் சேர்க்கிற குழுக்களில் தரவு கொடுக்கிற ஆள். இந்தப் பக்கத்திலிருந்தும் ஒருத்தி பேசலாம் என்று எழுதுகிறேன்.

என் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று வருடம் ஒரு ஆய்வுக்காக மரம் பார்த்தார்கள். வாரம் ஒருமுறை, ஒரு புங்கன், ஒரு வேம்பு, ஒரு புளி. துளிர் எவ்வளவு, பூ எவ்வளவு, காய் எவ்வளவு. தாளில் எழுதி, நான் தட்டச்சு செய்து அனுப்பினேன். மூன்று வருடம். திரும்பி ஒரு வரிகூட வரவில்லை. கடைசியில் வந்தது எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு சான்றிதழ், என் பெயர் எழுத்துப்பிழையோடு. ஒரு பையன் கேட்டான், "டீச்சர், நம்ம புங்கமரத்தை அவங்க பாத்தாங்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

தம்பி ஏரிக்கரை, உங்களிடம் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்தத் தமிழாசிரியர் ஒரு வருடம் கொடுத்த பட்டியலை வைத்து அவர் ஏரியைப் பற்றி அவருக்கு என்ன சொன்னீர்கள்? பெயரைத் திருத்தியது வலித்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே நிறையக் கிடைத்திருந்தால் அந்த ஒரு வரியை அவர் தாங்கியிருப்பார் என்பது என் எண்ணம்.

---

ஏரிக்கரை | பிப்ரவரி 13, இரவு 9:12

டீச்சர், ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. ஆய்வு முடிந்தபின் மொத்தமாகச் சொல்லலாம் என்று இருந்தேன்.

---

உப்பங்கழி | பிப்ரவரி 14, காலை 6:50

புதுச்சேரிக்காரன் நான். இந்தப் பேச்சில் எங்கள் ஊர் அனுபவம் வராமல் இருக்கக்கூடாது.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் ஆரம்பித்தது. வில்லியனூரில் மையப் புள்ளி, சுற்றிலும் கிராமங்கள். கணினியை இறக்கிவிட்டுப் போகவில்லை. முதலில் ஊர் கேட்கவேண்டும். இடம் ஊர் கொடுக்கவேண்டும். மையத்தை நடத்த ஊரிலிருந்தே தன்னார்வலர்கள் வரவேண்டும், பெரும்பாலும் பெண்கள் வந்தார்கள். எந்தச் சாதிக்காரர் வந்தாலும் உள்ளே வரலாம் என்று ஊர் ஒப்புக்கொள்ளவேண்டும். இந்த நிபந்தனைகளைப் பேசி முடிக்கவே மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து ஒரு ஊரைச் சம்மதிக்கவைப்பது எந்த ஆய்வுப் பாடத்திட்டத்தில் இருக்கிறது, சொல்லுங்கள். ஆனால் மீதி எல்லாம் அதன் மேல்தான் நின்றது.

அடுத்தது, ஊருக்கு என்ன தகவல் வேண்டும் என்று ஊரிடமே கேட்டார்கள். வீராம்பட்டினத்தில் மீனவர்கள் கேட்டது நாளைக்கு அலை எவ்வளவு உயரம் என்பதை. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அந்தக் கணிப்பு இருந்தது. மையத்தில் அதை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் கடற்கரைக்குக் கேட்கும்படி வாசித்தார்கள். விடியலில் கட்டுமரம் தள்ளப் போகிறவன் அதைக் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுப்பான்.

2004 டிசம்பர் 26 காலை. நல்லவாடு ஊர்ப் பையன் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். சுனாமிச் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் போட்டார். ஊர்க்காரர்கள் மையத்தின் பூட்டை உடைத்து உள்ளே போய் அதே ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். 3,600க்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊர். வீடுகளும் படகுகளும் போயின, ஊர்ச் சனங்கள் தப்பித்தார்கள். அந்தக் குரலை ஊர் நம்பியதற்குக் காரணம் முந்தைய வருடங்கள். அந்த ஒலிபெருக்கியில் தினம் பயனுள்ள ஏதோ ஒன்று வந்துகொண்டிருந்தது.

---

கோப்பு_எண் | பிப்ரவரி 14, மாலை 5:20

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். "எங்கே கற்பது, அதற்கு நேரம் எங்கே" என்ற கேள்விக்கு நிர்வாகப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன், உடனே பயன்படும்.

கற்பதற்கு இடம் இருக்கிறது. அமெரிக்காவில் ஏஏஏஎஸ் என்ற அறிவியல் சங்கம், ஸ்லோன் அறக்கட்டளை நிதியோடு, 2017 முதல் விஞ்ஞானச் சமூகங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி கொடுத்தது. அதை லூ வூட்லி நடத்தினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் சிஎஸ்சிசிஇ என்ற, விஞ்ஞானச் சமூகங்களை நடத்துகிறவர்களுக்கான மையம். அவர்கள் இந்த வேலைக்கு வேண்டிய 45 திறன்களை ஐந்து தொகுதிகளாகப் பிரித்து ஒரு சக்கரமாக வரைந்திருக்கிறார்கள். சச்சரவைத் தீர்ப்பது, கூட்டம் நடத்துவது, நிதி திட்டமிடுவது எல்லாம் அதில் அடக்கம். எனக்கு அதில் பிடித்தது, ஒரே ஆளிடம் 45ம் இருக்காது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது. பெயர் வைத்துப் பிரித்துவிட்டால், எது நமக்கு வராது என்று தெரிந்து அதற்கு வேறு ஆளைத் தேடலாம். ஓப்பன் லைஃப் சயன்ஸ் என்ற அமைப்பு 16 வாரத் திட்டம் நடத்தியிருக்கிறது. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி, சொந்தப் புராஜெக்டை வைத்தே கற்பது. லண்டனில் ஆலன் டூரிங் நிறுவனத்தில் ஆய்வுச் சமூக மேலாளர் என்று சம்பளத்தோடு பணியிடமே உருவாக்கினார்கள். ஐயா கேட்ட "தனி ஆள்" இதுதான்.

நேரம்? யுஜிசி 2022 பிஎச்டி விதிமுறைப்படி ஸ்காலருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி கொடுக்கலாம். தன்னார்வலர்களுக்குப் பயிற்சி நடத்துவதை அந்தக் கணக்கில் சேர்க்கும்படி உங்கள் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். அதே 2022இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, விஞ்ஞானிகளின் சமூகப் பொறுப்புக்கான வழிகாட்டுதல் வெளியிட்டது. வருடத்துக்குக் குறைந்தது 10 மனித-நாட்கள் என்கிறது. உங்கள் கைடின் 10 நாளையும் கேளுங்கள்.

எனக்கு உறுத்துவது ஒன்று. வெளியீட்டு நெறிமுறைக்கு 2 கிரெடிட், 30 மணி நேரம், எல்லா ஸ்காலருக்கும் கட்டாயம். நல்லதுதான், வேண்டும். ஆனால் கட்டுரைக்குத் தரவு கொடுத்த மனிதர்களோடு எப்படி நடந்துகொள்வது என்பதற்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. மேசையைக் கடந்து போகிற பாடத்திட்டக் கோப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்.

---

நீலாங்கரை_நடை | பிப்ரவரி 14, இரவு 11:35

சுருக்கமாக ஒன்று. சென்னையில் மாணவர்கள் 1988 முதல் ஆமை நடை நடத்துகிறார்கள். சீசனில் ராத்திரி கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமை முட்டையிட்ட குழியைத் தேடி, முட்டைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவது. வருடா வருடம் ஆள் மாறிக்கொண்டே இருக்கும், படிப்பு முடிந்ததும் போய்விடுவார்கள். ஆனாலும் நிற்கவில்லை. நான் சேர்ந்த முதல் மாதம் குழியைத் தொட விடவில்லை. மூத்த அக்கா பின்னால் நடந்து, அவர் குச்சியால் மணலை எப்படித் தொடுகிறார் என்று பார்த்தேன். மூன்றாம் வருடம் என் பின்னால் ஒரு பையன் நடந்தான். நீ போனபின் உன் 31 ஏரியை யார் பார்ப்பார் என்பதை இப்போதே முடிவு செய்துவிடு.

---

பழைய_துறைத்தலைவர் | பிப்ரவரி 15, காலை 10:10

எல்லாவற்றையும் படித்தேன். ஆசிரியை அவர்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் மாணவர்களும் அப்படிப் பள்ளிகளில் தரவு வாங்கியிருக்கிறார்கள். நன்றியுரையில் "உள்ளூர் மக்களுக்கு நன்றி" என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஏழு வருடம் எடுத்த பிள்ளைகள் அதிகப்படி வேலை செய்ததால் தாமதமானார்கள். அந்த வேலைக்கு நாங்கள் கணக்கு வைக்கவில்லை, அவ்வளவுதான். தம்பி, உங்கள் கைடுக்கு ஒரு கடிதம் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். கோப்பு_எண் சொன்ன விதிகளைக் குறிப்பிட்டு.

---

ஏரிக்கரை | மார்ச் 9, இரவு 8:05

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். போவதற்கு முன், அவர் ஒரு வருடம் கொடுத்த 51 பட்டியலையும் எடுத்து ஒரே தாளில் வரைந்தேன். மாதவாரியாக, அவர் ஏரியில் எது வந்தது, எது போனது. அச்செடுத்து எடுத்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பற்றிப் பேசவே விடவில்லை, காபி வந்ததா என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்.

அப்புறம் தாளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நவம்பரில் நத்தைகுத்தி நாரை திடீரென்று குறைந்த இடத்தில் விரலை வைத்து, "அந்த வாரம் மதகைத் திறந்துவிட்டார்கள், தண்ணி வடிஞ்சுபோச்சு" என்றார். எனக்கு அது தெரியாது. இரண்டு மாதமாக அந்த இறக்கத்துக்குப் புள்ளியியல் மாதிரிகளில் காரணம் தேடிக்கொண்டிருந்தேன்.

உள்ளே போய் ஒரு நோட்டு எடுத்துவந்தார். ஏரிக்குப் போவதை அவர் நிறுத்தவே இல்லை. ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு வாரமும் எழுதி வைத்திருக்கிறார், எனக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான். குருட்டுக்கொக்கு, நீர்க்காகம், தாழைக்கோழி என்று எல்லாம் அவர் ஊர்ப் பெயரிலேயே. அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டுப் புத்தகப் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். "ரெண்டும் இருக்கட்டும்" என்றார். இப்போது எங்கள் படிவத்தில் இரண்டு பத்தி இருக்கிறது.

குழுவை ஏரிவாரியாகப் பிரித்துவிட்டோம். ஒவ்வொன்றுக்கும் அந்த ஊர்க்காரர் ஒருவர் பொறுப்பு. திருத்தம் இருந்தால் தனியாகப் போன் செய்து பேசுவது என்று வைத்திருக்கிறேன். மதகு அண்ணாவின் மடல் மாதிரி இரண்டை வாங்கி முன்னால் ஒட்டி வைத்திருக்கிறேன். மாதம் ஒரு தாள், ஒவ்வொரு ஏரிக்கும், திரும்பிப் போகும். வாரம் 4 மணி நேரத்துக்குத் துறையில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன், ஐயாவின் கடிதத்தோடு. பதில் இன்னும் வரவில்லை.

பிப்ரவரியில் 33 பட்டியல் வந்தது. ஒன்பது பேரில் நான்கு பேர் திரும்ப வந்திருக்கிறார்கள்.

---

செங்கமலம்_டீச்சர் | மார்ச் 9, இரவு 9:30

மீதி ஐந்து பேர் வீட்டுக்கும் போங்கள் தம்பி. பரீட்சை முடியட்டும், ஏப்ரல் கடைசியில் போங்கள். தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

---

ஏரிக்கரை | மார்ச் 9, இரவு 9:34

சரிங்க டீச்சர்.